ஞாயிறு ஆட்டம்: யூஃபோரியா

சித்தப்பா: நந்தினி, போன வாரம் யூஃபோரியா பலகை விளையாட்டில் நான் ஏன் தோற்றேன் என்பது இன்னும் விளங்கவில்லை. என்னிடம் நான்கு ஆட்கள் இருந்தார்கள். பகடையும் நன்றாகவே விழுந்தது. ஆனாலும் ஒருவனைப் பறிகொடுத்தேன்.

நந்தினி: நன்றாக விழுந்ததால்தான் பறிகொடுத்தீர்கள் சித்தப்பா. இந்த விளையாட்டில் பகடைதான் தொழிலாளி. அதில் விழும் எண் அவனுடைய அறிவு. பலகையிலிருந்து எடுத்து உருட்டியதும் கையில் உள்ள எல்லாப் பகடைகளையும் கூட்டி, அறிவுக் கோட்டில் நீங்கள் நிற்கும் எண்ணையும் சேர்க்க வேண்டும். 16 அல்லது அதற்கு மேல் வந்தால், எல்லோரையும்விட அறிவு மிகுந்தவன் உண்மையைப் புரிந்துகொண்டு ஓடிவிடுவான்.

நந்தினி: உங்களுக்கு விழுந்தது 5, 4, 3, 2. கூட்டினால் 14. கோட்டில் 3. மொத்தம் 17. அந்த 5 போய்விட்டது.

சித்தப்பா: ஓ!

மதி: அக்கா, மூன்று பேரோடு நிறுத்திக்கொண்டால் தப்பிக்கலாமா?

நந்தினி: ஆபத்து குறையும், தீராது. 6, 5, 3 விழுந்தாலும் அதே 17தான். இரண்டு பேர் மட்டும் என்றால், கோட்டில் 3-ஐத் தாண்டாதவரை பயமில்லை. இரண்டு 6 விழுந்தால்கூட 15. ஆனால் வெல்வதற்கு மற்றவர்களுக்கு முன்பாக நம் 10 நட்சத்திர வில்லைகளையும் பலகையில் வைக்க வேண்டும். இரண்டு பேரை வைத்துக்கொண்டு அது மிகவும் கடினம்.

அத்தை: எனக்கு ஒரு மனக்குறை. உழைப்பவர்கள் எதையும் அறியாமல் இருந்தால்தான் நமக்கு லாபம் என்கிற ஆட்டத்தை நாம் ஏன் ஆட வேண்டும்? அந்த விதியை எடுத்துவிடலாமே?

நந்தினி: வேண்டாம் அத்தை, அதில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது. ஜேமி ஸ்டெக்மெயரும் ஆலன் ஸ்டோனும் உருவாக்கி 2013-இல் வெளிவந்தது இது. பழைய உலகம் அழிந்தபின் எழுந்த ஒரு நகரம். அங்கே ஆள்பவர்கள் நாம். வேறு ஆட்டங்களில் 6 விழுந்தால் மகிழ்ச்சியாக இருக்கும். இங்கே 6 விழுந்ததும் என் வயிறு கலங்குகிறது. அறிவைக் கண்டு ஓர் அரசு ஏன் அஞ்சுகிறது என்பதை எந்த வகுப்பிலும் நான் இவ்வளவு நேரடியாக உணர்ந்ததில்லை. அந்த விதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பண்டங்களைச் சேர்க்கும் ஆட்டம்.

அத்தை: யோசிக்கிறேன்.

மதி: சித்தப்பாவின் ஆள் நிற்கும் இடத்தில் என் ஆளை வைத்து அவனை வெளியே தள்ளினால் அவருக்கு நஷ்டம்தானே?

நந்தினி: இல்லை மதி, பெரும்பாலும் நீ அவருக்கு உதவிதான் செய்கிறாய். ஆட்களைத் தாமே திரும்ப அழைக்க அவர் ஒரு முறையைச் செலவிட வேண்டும். உணவோ, பேரின்பம் என்ற பண்டமோ கொடுக்காமல் அழைத்தால் பலகையில் குறிக்கும் ஆட்களின் ஊக்கமும் இறங்கும். நீ தள்ளிவிட்டால் அவன் செலவில்லாமல் அவர் கைக்கு வந்துவிடுகிறான். ஆனால் அவனை மறுபடி உருட்ட வேண்டும், அங்கேதான் அவருக்கு ஆபத்து. யாருடைய கை ஏற்கெனவே நிறைந்திருக்கிறது என்று பார்த்துத் தள்ளு.

சித்தப்பா: அந்தச் சந்தை விஷயத்தையும் சொல்லிவிடு. நான் கட்ட வரவில்லை என்று தண்டனை கிடைத்ததே.

நந்தினி: சந்தை என்பது ஆட்களை அனுப்பிச் சேர்ந்து கட்டும் கட்டடம். அதன் அட்டை கவிழ்ந்தே கிடக்கும். கட்டி முடித்த பிறகுதான் புரட்டுவோம். கட்டியவர்களுக்கு நட்சத்திரம், கட்டாதவர்களுக்கு அதில் எழுதியிருக்கும் தடை. பிறகு அங்கே ஒரு நட்சத்திரம் வைத்தால் தடை நீங்கிவிடும். அதனால் யாராவது கட்டத் தொடங்கினால் தயவுசெய்து வேடிக்கை பார்க்காதீர்கள்.

அத்தை: சரி, விதி இருக்கட்டும். ஆனால் என் ஆட்களை ஒவ்வொரு முறையும் உணவு கொடுத்துத்தான் அழைப்பேன்.

நந்தினி: தாராளமாக, அத்தை. ஊக்கம் எவ்வளவோ அத்தனை கலைப்பொருள் கார்டுகளைக் கையில் வைத்திருக்கலாம். அது வலுவான வழி. பண்ணைக்கு மட்டும் அடிக்கடி ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.

மதி: நானும் பண்ணைக்கு வருகிறேன் அத்தை. அங்கே யாரும் யாரையும் தள்ள முடியாது.

சித்தப்பா: மூன்றாவது ஆளைச் சேர்க்க இந்த முறை நான் அவசரப்பட மாட்டேன். நான்கு மணிக்குப் பலகையை விரித்து வையுங்கள், வந்துவிடுகிறேன்.