ஆஸ்கியை வீடியோவில் வைக்கலாமா?

குடியாத்தம் பையன்: ஃபார்ம்டி, அதான் மருந்தாளர் படிப்பு, நாலாம் வருஷம். இந்தத் தடவை ஆஸ்கியை, அதான் ஸ்டேஷன்னு சொல்ற மேசை மேசையா போய்ச் செஞ்சு காட்டுற செய்முறைப் பரீட்சையை, வீடியோ காலில் வைக்கலாமான்னு எங்க காலேஜ்ல பேச்சு. நான் சரின்னுதான் சொல்வேன். விடிகாலை பஸ் பிடிச்சு வந்து, மணி அடிக்க அடிக்க ஒவ்வொரு ஸ்டேஷனா ஓடினா படிச்சதே மறந்துடுது.

மருந்துக்கடை அண்ணன்: தம்பி, இன்சுலினை எப்படிக் காட்டுவே? சாதா குப்பியில மில்லிக்கு 40 யூனிட். அதுக்கு சிவப்பு மூடி ஊசி. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் மருந்துக்கு. ஒரு பெரியவர் 40 மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில 20 கோடு வரைக்கும் இஸ்து போட்டுகினு இருந்தார். உள்ளே போனது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கலன்னு டாக்டரைத் திட்டிகினு இருந்தார், பாவம். ஊசியை வாங்கிப் பார்த்ததும்தான் புரிஞ்சுது.

குடியாத்தம் பையன்: மூடியோட நிறம் வீடியோவுலயும் தெரியுமே அண்ணே! "ஊசியைக் காட்டுங்க ஐயா"ன்னு கேக்கத் தோணுதாங்கறதுதானே பரீட்சை?

மருந்துக்கடை அண்ணன்: இது நல்லா கீதே. சரி, மேடம் சொல்லட்டும்.

ஆரணிக்காரி: கொரோனா சமயத்துல நானே வீடியோவில் நடத்தியிருக்கேன். இன்ஹேலர்ல விஷயமே அமுக்குறதும் மூச்சை இழுக்குறதும் ஒண்ணா நடக்குதாங்கறதுதான். படம் ஒரு நொடி நிக்கும், சத்தம் முன்னாடி போகும். நான் எதைப் பார்த்து மார்க் போட? ஒரு பொண்ணு பதில் சொல்லும்போதெல்லாம் கண்ணு சுவத்துப் பக்கமே போச்சு. அங்க என்ன ஒட்டியிருந்துச்சோ. 1975-ல ஹார்டன்ங்கற டாக்டர் ஸ்காட்லாந்து டண்டீயில இந்தப் பரீட்சை முறையை எழுதி வெளியிட்டப்போ, எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே அளவுகோல்ங்கறதுதான் அடிப்படை. ஒருத்தருக்கு ஃபைபர், இன்னொருத்தருக்கு ஒத்தைக் கோடு சிக்னல்னா?

குடியாத்தம் பையன்: நேர்ல மட்டும் சமமா மேடம்? போன தடவை நோயாளியா நடிக்க வந்தவர் காலையில ஆஸ்துமாவுக்கு இருமினார், மதியம் கொட்டாவி விட்டார். நான் மதியம் பேட்ச். அதோட, வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளிங்க ஊர் திரும்பினப்புறம் போன்லதானே கேப்பாங்க, ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற வார்ஃபரின் மாத்திரை ஒரு வேளை விட்டுப்போச்சு, ரெண்டா சேர்த்துப் போடலாமான்னு? அந்தப் பேச்சுக்கு யார் பரீட்சை வைக்கிறது?

ஆரணிக்காரி: அது நியாயம். பேசுற ஸ்டேஷன் ரெண்டை வீடியோவுக்கு விட்டுத் தர்றேன். ஊசியும் இன்ஹேலரும் நேர்லதான்.

குடியாத்தம் பையன்: அப்போ பஸ் எப்படியும் பிடிக்கணுமே மேடம்...

மருந்துக்கடை அண்ணன்: 😀 வரும்போது கடைக்கு வா, டீ சாப்டலாம்.