எம்பிபிஎஸ் புள்ளி குறைவு, ஆய்வுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாமோ?

யாழ் மருத்துவபீடத்தில் படித்து வெளிநாடு வந்து, வைத்தியத்தோடு ஆராய்ச்சியும் செய்ய நினைக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு: தாராளமாக விண்ணப்பியுங்கோ. பிஎச்டி அனுமதிக்குப் பல்கலைக்கழகம் புள்ளியைப் பார்க்கும். புலமைப்பரிசில் தருகிறவர்கள் ஆய்வுத் திட்டத்தையும் மேற்பார்வையாளரையும்தான் துருவுவார்கள்.

அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச், பயிற்சிநிலை ஆய்வாளருக்குத் தருகிற எஃப் வகைப் புலமைப்பரிசில்களில், 2025 ஜனவரி 25 தொடக்கம் முடிவுத் திகதி வருகிற விண்ணப்பங்களுக்குப் பாடப் புள்ளிகள் தேவையில்லை, சேர்க்கவும் கூடாது. சீனியர் ஒருவரின் பழைய விண்ணப்பத்தைப் பார்த்து பயோஸ்கெட்சில் (விண்ணப்பத்தோடு போகிற சுருக்கமான தகைமைக் குறிப்பில்) புள்ளி அட்டவணை போட்டுவிடாதேங்கோ. மருத்துவத்தையும் பிஎச்டியையும் சேர்த்துப் படிக்கிற எம்டி-பிஎச்டி மாணவருக்கான எஃப்30க்குக் குடியுரிமை அல்லது கிரீன் கார்ட் வேண்டும். விசாவில் நிற்கிறவர்கள், பிஎச்டி அல்லது மருத்துவப் பட்டம் முடித்து ஆய்வுப் பயிற்சியில் இருப்பவருக்கு என்ஐஎச் தருகிற கே99ஐப் பாருங்கோ. அதற்குக் குடியுரிமை கேட்பதில்லை. ஆனால் அந்தப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வு அனுபவம் 4 வருடத்தைத் தாண்டக்கூடாது. ஆராய்ச்சி இல்லாத ரெசிடன்சிக் காலம் (பட்டத்துக்குப் பிறகு வைத்தியசாலையில் பயிலும் காலம்) இந்தக் கணக்கில் வராது.

கவனம் தேவைப்படுவது பெறுபேற்றுப் பத்திரத்தில். எங்களுக்கு 50 சித்தி. 58 என்றதைக் கண்டால் அமெரிக்கப் பேராசிரியர் பெயில் என்றே நினைப்பார், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் 60க்குக் கீழ் எஃப். ஆகவே புள்ளித் திட்ட விளக்கத்தையும் சேர்த்து எடுங்கோ. உங்கள் அணியில் எத்தனை பேர், நீங்கள் எந்த வகுப்பில் சித்தியடைந்தீர்கள் என்று பீடாதிபதியிடம் ஒரு கடிதமும் கேளுங்கோ. ஜிபிஏயாக நீங்களே மாற்றி எழுதவேண்டாம். தேவையென்றால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடுகிற டபிள்யூஈஎஸ் போன்ற நிறுவனம் செய்யும். பத்திரம் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே அங்கே போகவேண்டும். சீல் வைத்த உறையை வீட்டில் உடைத்துப் பார்த்தால் அது செல்லாது.

பெயரையும் பாருங்கோ. பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னுக்கும் பாஸ்போர்ட்டில் பின்னுக்கும் இருந்தால் கோப்பு அப்படியே நின்றுவிடும். ஊரில் நிற்கும்போதே சத்தியக்கடதாசி முடித்து வைத்திருங்கோ.

ரிப்பீற் இருந்தால் ஒளிக்கவேண்டாம், பத்திரத்தில் தெரியும். சொந்தக் கூற்றில் பந்தி பந்தியாக விளக்கவும் வேண்டாம். காரணத்தையும் அதன்பிறகு நீங்கள் முன்னேறிய விதத்தையும் பரிந்துரைப்பவர் இரண்டு வரியில் எழுதினால் எடுபடும்.

*

லண்டன் பக்கம் வந்தவர்களுக்கு ஒரு சேர்க்கை. பிஎச்டிக்கு அநேகமாக இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்குச் சமமான தரம் கேட்பார்கள். பிரித்தானிய அரசின் ஆய்வு நிதி அமைப்பான யூகேஆர்ஐயின் விண்ணப்பங்களில் நீங்கள் செய்த வேலையை விவரித்து எழுதுவதற்குத்தான் கூடிய இடம். பிஎச்டிக்கு முன் இங்கிலாந்தின் சுகாதார ஆய்வு நிறுவனமான என்ஐஎச்ஆர், பயிற்சி வைத்தியருக்குத் தருகிற ஏசிஎஃப் பதவியையும் யோசியுங்கோ: நேரத்தில் 75 வீதம் வைத்தியம், 25 வீதம் ஆராய்ச்சி. அந்த 25 வீதத்தில் வருகிற கட்டுரைதான் அடுத்த விண்ணப்பத்தில் பேசும்.