செவிமீட்பியா, பதிகருவியா?

கோத்தகிரியிலிருந்து:

டீச்சரம்மா, நம் அகராதி வரைவில் காக்ளியர் இம்பிளான்ட் (காது கேளாதோருக்கு உட்காதில் பதிக்கும் கருவி) என்பதற்கு ‘செவிமீட்பி’ என்று ஒரு சொல் கட்டியிருக்கிறேன். நாவில் இடறாது, நாளிதழ்த் தலைப்பிலும் அடங்கும். இன்னொன்று. காது கேளாதோரில் தங்களைத் தனிப் பண்பாட்டினராகக் கருதுவோரை ஆங்கிலத்தில் ‘Deaf’ என்று முதலெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். நம் எழுத்தில் பெரிதும் சிறிதும் கிடையாதே! தடித்த எழுத்தில் ‘கேளாதோர்’ என்று அச்சிட்டால் போதுமா?

கூடலூரிலிருந்து:

ஐயா, வணக்கம். ‘செவிமீட்பி’ அழகான சொல். கருவி விற்பவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் அமையாது. அதனால்தான் தயங்குகிறேன். அந்தக் கருவி இழந்த எதையும் மீட்பதில்லை. உட்காதில் நத்தை ஓடுபோல் இருக்கும் செவிச்சுருளில், ஒலியை உணரும் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் பார்க்கும் வேலையை 12 முதல் 22 வரையிலான மின்முனைகளிடம் கொடுத்து, நேராகக் கேள்நரம்பைத் தூண்டுகிறது. பிள்ளை அந்தத் துடிப்புகளைப் பேச்சாகப் புரிந்துகொள்ளப் பல மாதம், சிலருக்குப் பல வருடம், பயிற்சி வேண்டும். ராத்திரி, தலையில் ஒட்டியிருக்கும் வெளிக்கருவியின் காயிலைக் கழற்றி வைத்தால் பழையபடி எதுவும் கேட்காது. பேட்டரி தீர்ந்தாலும் அப்படியே. தேவாலா பக்கம் ஆனி, ஆடியில் துணியே காயாது. வெளிக்கருவியைத் தினமும் உலர்பெட்டியில் வைக்காவிட்டால் ஈரம் இறங்கிவிடும். மேப்பிங்குக்கு, அதாவது மின்முனைகளின் தூண்டல் அளவைப் பிள்ளைக்கு ஏற்பச் சரிசெய்ய, கோவைக்கு இறங்க வேண்டும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு. முதலமைச்சர் காப்பீட்டில் சின்னக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் இலவசம்தான். அதற்குப் பிறகு வருவதையெல்லாம் யாரும் முன்கூட்டி எடுத்துச் சொல்வதில்லை. ‘மீட்பி’ என்ற சொல் இதையெல்லாம் மூடி மறைத்துவிடும்.

உள்ளே பதிப்பது, அது ஒரு கருவி. ஆகவே ‘செவிச்சுருள் பதிகருவி’ போதும். நீளம் என்றால் இரண்டாம் முறை ‘பதிகருவி’ என்றே எழுதலாம். ‘செயற்கைக் காது’ சரிவராது, யாரும் காதை மாற்றவில்லை. வீடுகளில் எப்படியும் ‘மிஷின்’தான்.

அடுத்தது கஷ்டமான கேள்வி. தடித்த எழுத்து வாயால் சொல்லும்போது என்ன ஆகும்? ஆங்கிலத்தில் அந்தப் பெரிய எழுத்து வழக்கத்தை 1972இல் முன்வைத்தவர் மொழியியலாளர் ஜேம்ஸ் வுட்வார்ட். அதற்குமுன் 1960இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகை மொழிக்குச் சொந்த அமைப்பு உண்டு என்று காட்டியிருந்தார். 1880இல் காது கேளாதோர் கல்வி பற்றிய மிலான் மாநாடு பள்ளிகளில் சைகையை ஒதுக்கி வாய்ப்பேச்சை மட்டும் வைத்த காயம் காது கேளாதோருக்கு நூறு ஆண்டு கழித்தும் ஆறவில்லை. அதனால்தான் 1990இல் அமெரிக்காவில் இரண்டு வயதுக் குழந்தைக்கும் பதிகருவி வைக்க அனுமதி கிடைத்தபோது, மறு ஆண்டே அங்குள்ள தேசியக் காதுகேளாதோர் சங்கம் கண்டித்தது. 2000இல் தளர்ந்து, முடிவெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று ஏற்றது. முதலில் எதிர்த்தவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று நம்மூரில் பேசுகிறார்கள். மலைக்காரர்களான நாம் அப்படிச் சொல்லலாமா? படுகு மொழியைக் கன்னடத்தின் கிளை என்று ஒதுக்கியவர்கள் எத்தனை பேர்! மொழியியலாளர் எமனோ 1930களில் இங்கே நீலகிரிக்கு வந்து திரட்டியதை வைத்து, தோடர்கள் பேசும் தோடா மொழியின் இலக்கணம் 1984இல் வெளிவந்தது. எழுத்தில்லாததால் அது மொழியில்லை என்று ஆகிவிட்டதா?

ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தோடாப் பிள்ளைக்கு மொழி தாயிடமிருந்து வரும். காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு. சைகை மொழி அவர்களுக்குப் பள்ளியிலும் கூட்டாளிகளிடமும் கிடைப்பது. மூளை மொழியை வாங்கும் வயதோ சின்ன வயது; டாக்டர்கள் அவசரப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு ஆபரேஷன்மேல் கோபமில்லை. ஆபரேஷன் ஆனதும் “இனிமேல் கையைக் காட்டிப் பேசாதே” என்று சொல்லி அனுப்புகிறார்களே, அதன்மேல்தான். மிஷினும் சரியாக வசப்படாமல், சைகையும் இல்லாமல் நிற்கும் பிள்ளையை யார் பார்ப்பது?

ஆகையால் காதை வைத்துப் பெயர் வேண்டாம் ஐயா, மொழியை வைத்து வைப்போம்: ‘கைமொழியர்’. பதிகருவி வைத்த பிள்ளையும் சைகை மொழி பேசினால் கைமொழியர்தான், யாரும் அவனைச் சபையிலிருந்து தள்ள முடியாது. ‘காது கேளாதோர்’ என்பது மருத்துவச் சான்றிதழில் இருந்துவிட்டுப் போகட்டும்.

கோத்தகிரியிலிருந்து:

டீச்சரம்மா, செவிமீட்பியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், பதிகருவி நிற்கட்டும். கைமொழியரில் ஒரு உறுத்தல். இந்தியச் சைகை மொழியில் கேள்வி கேட்பதே புருவத்தில் இருக்கிறது என்று நீங்கள்தான் போன மாதம் எழுதினீர்கள். முகம் பேசுவதைக் கை மட்டும் எடுத்துக்கொள்வானேன்? ‘சைகைமொழியர்’ என்றால் ஓரெழுத்துத்தான் கூடும், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சொல்லும்கூட. ஐம்பது வயதில் காது மந்தமான என் போன்றவனும் ஆசைப்பட்டுக் கற்றால் அதில் சேரலாமா, பிறவியிலேயே வேண்டுமா? நாம் இருவரும் காது கேட்டு வளர்ந்தவர்கள். உட்கார்ந்து முடிவுசெய்வது முறையில்லை. உங்கள் பழைய மாணவர்களிடம் இரண்டு சொல்லையும் காட்டிக் கேட்டு எழுதுங்கள். அதுவரை அகராதி வரைவில் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.