பழைய போட் பத்து நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் இழுக்கவே மாட்டேங்குது

கரையிலயே நிக்கிறவன்:
வணக்கம் மக்களே. போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபைபர் போட் வாங்கினேன். 40 எச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (போட்டுக்குப் பின்னாடி மாட்டுற என்ஜின்), ரெண்டு சிலிண்டர், கார்புரேட்டர் மாடல், பெட்ரோல்லயே 50:1 ஆயில் கலந்து ஊத்துறது. ரெண்டே இழுப்புல ஸ்டார்ட் ஆகுது, ஐடிலிங் தங்கம், ஃபுல் த்ராட்டில்ல 5200 ஆர்பிஎம் வரைக்கும் போகுது. எல்லாம் பத்து நிமிஷம்தான். அப்புறம் அப்படியே இறங்கி 3000ல வந்து உக்காந்துடுது, எவ்ளோ முறுக்கினாலும் ஏறாது. ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் சும்மா இருந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப ஓடும், திரும்ப அதே கதை. பிளக் புதுசு போட்டாச்சு, கார்புரேட்டரை ரெண்டு தடவை கழட்டி ஜெட் எல்லாம் ஊதி மாட்டியாச்சு. வித்தவரைக் கேட்டா "என்கிட்ட நல்லாத்தானே ஓடுச்சு"ன்றார். அடுத்து பிளக்குக்கு கரண்ட் குடுக்கற இக்னிஷன் காயில் வாங்கிடலாமா?

டூ ஸ்ட்ரோக் கிறுக்கன்:
காயிலுக்கு இப்போ காசு போடாதீங்க ப்ரோ. காயில் சூடாகி போச்சுன்னா பெரும்பாலும் வெடுக்குனு கட்டாகும், விட்டு விட்டு அடிக்கும். நீங்க சொல்றது மெதுவா மூச்சு முட்டுற மாதிரி இருக்கு, அது பெட்ரோல் பத்தாத குறி. இழுக்காம போற அந்த நேரத்துல, ஆஃப் பண்றதுக்கு முன்னாடியே, பெட்ரோல் ஹோஸ்ல இருக்கற பிரைமர் பல்பை (கையால அமுக்கி பெட்ரோல் ஏத்தற ரப்பர் உருண்டை) பாருங்க. ஓட்ட ஒருத்தர், பல்பைப் பாக்க ஒருத்தர். சப்பையா உள்ள ஒட்டிக்கிட்டு இருந்தா அடைப்பு டேங்க் பக்கம். தொளதொளன்னு இருந்து, அமுக்கினா என்ஜின் உயிர் வந்தா ஃபியூயல் பம்ப் டயஃப்ரம் (உள்ள இருக்கற ஜவ்வு) கிழிஞ்சிருக்கலாம், இல்ல எங்கயோ காத்து இழுக்குது. கல்லு மாதிரி இருந்தும் இழுக்கலன்னா அப்போ மேல போய் பாக்கலாம்.
இன்னொண்ணு, இப்படியே வச்சு ஓட்டாதீங்க. நம்ம என்ஜினுக்கு ஆயிலும் அந்த பெட்ரோல்லதான் வருது, பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடிச்சிடும்.

ஸ்பேனர் கை:
மேல சொன்னது சரிதான், ஆனா சூட்டையும் பாத்துடுங்க. பின்னாடி பீச்சுற தண்ணி ஃபுல் த்ராட்டில்ல நல்லா அழுத்தமா வருதா? சில மாடல்ல ஓவர்ஹீட் ஆனா என்ஜின் தானாவே ஆர்பிஎம்மைக் குறைச்சுக்கும். இம்பெல்லர் (கூலிங் தண்ணி பம்ப்ல சுத்துற ரப்பர் சக்கரம்) எப்போ மாத்தினதுன்னு தெரியாட்டி மாத்திடுங்க. கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம்) ஒரு தடவை பாத்துடுங்க, ரெண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம்னா நல்லதில்ல. ட்ரை பண்றேன்னு கரையில தண்ணி இல்லாம ஓட்டிடாதீங்க, கொஞ்ச நேரத்துலயே இம்பெல்லர் காலி.

கரையிலயே நிக்கிறவன்:
தண்ணி நல்லா பீச்சுது, கைல பட்டா வெதுவெதுன்னுதான் இருக்கு. கம்ப்ரஷன் 120, 118 psi. மச்சானைக் கூட்டிட்டுப் போய் பல்பைப் பாக்க சொன்னேன், 3000க்கு இறங்கினப்போ "டேய் அப்பளம் மாதிரி ஒட்டிக்கிச்சுடா"ன்னு கத்தறான். டேங்குக்குள்ள காத்து விடற வென்ட் ஸ்க்ரூ முழுசா திறந்துதான் இருக்கு, டேங்க் மூடியைக் கழட்டி வச்சு ஓட்டியும் பாத்தேன், அதே சப்பைதான்.

டூ ஸ்ட்ரோக் கிறுக்கன்:
சூப்பர், அப்போ வென்ட் இல்ல. வேற டேங்க், அதோட ஹோஸையே கடன் வாங்கி மாட்டி ஓட்டிப் பாருங்க. நல்லா ஓடினா என்ஜினைத் தொடவே வேணாம். அப்புறம் உங்க டேங்க்ல உறிஞ்சற குழாயை வெளிய எடுத்து அடி நுனியைப் பாருங்க. பழைய ஹோஸ்னா உள் லைனிங் உரிஞ்சு வால்வு மாதிரி மூடிக்கும், அதையும் கவனிங்க.

கரையிலயே நிக்கிறவன்:
கண்டுபிடிச்சாச்சு!! கடன் டேங்க்ல அரை மணி நேரம் ஓட்டினேன், ஒரு தடவை கூட இறங்கல. அப்புறம் என் டேங்கைக் காலி பண்ணி டார்ச் அடிச்சுப் பாத்தா அடியில வெள்ளியா ஒண்ணு மினுக்குது. ஆயில் பாட்டில் மூடிக்குக் கீழ ஒட்டியிருக்குமே அந்த ஃபாயில் சீல், கட்டைவிரல் நகம் அளவு. என்ஜின் இழுக்க இழுக்க அது குழாய் வாய்ல போய் அப்பிக்கும், ஆஃப் பண்ணினா கீழ விழுந்துடும், அதான் அஞ்சு நிமிஷத்துல சரியாகற மர்மம். நான் எல்லா பாட்டிலுக்கும் சீலை முழுசா உரிச்சு தூக்கிப் போடற ஆள், அதனால இது வித்தவரோட கைங்கரியம்தான். ஹோஸும் பழசா இருந்துச்சு, அதையும் மாத்திட்டேன். கார்புரேட்டரைத்தான் தேவையில்லாம ரெண்டு தடவை கழட்டினேன்.

ஸ்பேனர் கை:
ரெண்டு தடவை கழட்டினீங்கல்ல, கசியாம இருக்க நடுவுல வைக்கிற கேஸ்கெட் புதுசு போட்டீங்களா? இல்லன்னா அடுத்த கேள்வியோட சீக்கிரம் வருவீங்க 😄