பெரிய வீட்டுக் குழு: 1990ஆம் ஆண்டு பனி வண்டி

கனடா தம்பி, காலை 7:48
வணக்கம். இங்கே இரவு மணி 9:18, வெளியே மைனஸ் 27 டிகிரி. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் ஸ்நோமொபைலை விற்கிறார். ஸ்கி-டூ கம்பெனியின் 1990ஆம் ஆண்டு வண்டி. பெரியப்பா, வாங்கலாமா?
📷 புகைப்படம்

மேலூர் அத்தை, 7:53
முப்பது வருடத்துக்கும் மேலான வண்டியா? பனிக்காட்டில் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவாய்? புதிதாகவே வாங்கு ஐயா.

பெரியப்பா, 8:20
தம்பி, வண்டி அழகாக இருக்கிறது. இன்ஜினைப் பற்றிச் சொல். எத்தனை சிலிண்டர்? குளிர்விப்பது தண்ணீரா, விசிறியா?

கனடா தம்பி, 8:24
ரோட்டாக்ஸ் 503. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், விசிறிதான். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பெரியப்பா, 8:37
அப்படியென்றால் நம் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு அண்ணன். சிம்மக்கல் பட்டறையில் நாற்பது வருடமாக நான் பிரித்து மாட்டுவது இந்த வகையைத்தான். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல மேலும் கீழும் ஆடும் வால்வு கிடையாது, அதைத் தள்ளும் கேம் ஷாஃப்ட் கிடையாது. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க், முக்கியமாக ஓடும் உறுப்புகள் அவ்வளவுதான். பழைய விசிறி இன்ஜின்களில் சிலிண்டருக்குள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு லைனர், அதாவது உள் உறை இருக்கும். தேய்ந்தால் லேத்தில் கொடுத்துப் போர் போட்டு, அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கி, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனை இறக்கலாம். அடுத்த முறை அரை மில்லிமீட்டர். பின்னால் வந்த பல இன்ஜின்களில் சிலிண்டர் சுவரில் நிக்கல் பூச்சு. அதைக் கடைய முடியாது, பூச்சையே புதிதாக ஏற்ற வேண்டும். பழைய இன்ஜினும் தேயத்தான் செய்யும். ஆனால் மீட்டெடுக்க இடம் விட்டுச் செய்திருக்கிறார்கள்.

திருமங்கலம் மாமா, 8:41
மார்கழிக் குளிருக்கே என் வண்டிக்குக் கிக்கரை நான்கு முறை உதைக்க வேண்டியிருக்கிறது. மைனஸ் 27இல் எப்படித் தாங்கும்?

பெரியப்பா, 8:55
தாங்கும் மாப்பிள்ளை, பக்குவம் தெரிந்தால். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம். காற்று கூடிப் பெட்ரோல் கூடாவிட்டால் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் கடுங்குளிருக்குக் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாகப் போடுவார்கள். ஸ்டார்ட் செய்தவுடன் முறுக்கவும் கூடாது. அலுமினியப் பிஸ்டன் சீக்கிரம் விரியும், சுற்றியுள்ள இரும்பு மெதுவாகத்தான் விரியும்.
📷 புகைப்படம்
இந்தப் பிஸ்டனைப் பார். சைலன்சர் பக்கம் நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கோடுகள். ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றி அழகர்கோவில்வரை ஓட்டிய மொபெட். அந்தப் பையன் அழுதுகொண்டே தள்ளி வந்தான். இன்ஜின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

கனடா தம்பி, 9:02
இதே 503ஐச் சிறிய விமானங்களிலும் மாட்டினார்கள் பெரியப்பா. கோடை முழுக்க இந்த வண்டி கொட்டகையில்தான் நின்றிருக்கிறது.

பெரியப்பா, 9:16
விமானத்தில் 300 மணி நேரம் ஓடியதும் முழுதாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள், அதையும் நினைவில் வை. எனக்குப் பயம் அந்தக் கொட்டகைதான். ஓடிய தூரத்தைவிட நின்ற மாதங்களை விசாரி. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்கின் அடியில் ஆயில் தேங்கி நிற்காது. பெட்ரோலோடு வருகிற ஆயில்தான் பேரிங்குக்கு உயிர். ஏழெட்டு மாதம் சும்மா நின்றால் ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும். நிறுத்துவதற்குமுன் உள்ளே ஆயில் தெளித்து வைத்தாரா என்று கேள். நாளை இரண்டு பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வை. ஆக்சிலரேட்டரை முழுதாகப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழு. இரண்டு சிலிண்டருக்கும் பத்து சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் விலையே பேசாதே.

மறுநாள்

கனடா தம்பி, காலை 6:40
கேஜில் ஒரு சிலிண்டர் 122, இன்னொன்று 118. பெரியப்பா, கொட்டகைக் கதவின் உட்புறத்தில் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஆயில் தெளித்த தேதியைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். 1991இலிருந்து ஒரு வருடம்கூட விடவில்லை. மேலே உள்ள எழுத்து மங்கிவிட்டது, விளக்கைச் சாய்த்துப் பிடித்துத்தான் படித்தேன்.

பெரியப்பா, 6:44
வாங்கு. கிராங்க் ஆயில் சீலையும் பெட்ரோல் குழாயையும் மாற்றிவிட்டு ஓட்டு. சீல் இறுகிப்போய்க் காற்றை இழுத்தாலும் பிஸ்டன் போய்விடும். அந்தக் கதவைப் படமெடுத்து அனுப்பு, பட்டறைப் பையன்களுக்குக் காட்ட வேண்டும்.

மேலூர் அத்தை, 6:51
தனியாகக் காட்டுக்குள் போகாதே ஐயா. போனாலும் அந்தப் பெரியவரிடம் சொல்லிவிட்டுப் போ.

கனடா தம்பி, 6:53
முதல் நாள் அவரும் கூட வருகிறேன் என்றிருக்கிறார் அத்தை.
📷 புகைப்படம்