புதுப்பிப்பு: ஏழு இஸ்பேட்டில் முதலில் எந்தத் துருப்பு?

முந்தைய பதிவில் பிரிட்ஜ் சீட்டாட்டம் பற்றிக் கேட்டிருந்தேன்: ஏழு இஸ்பேட் கான்ட்ராக்டில் (இஸ்பேடைத் துருப்பாக, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனமாக வைத்து, பதின்மூன்று பிடியும் எடுப்பதாக ஏலத்தில் ஏற்றது), கையில் ஏஸ், ராணி, 10 உட்பட ஐந்து துருப்பும், டம்மியில் (மேசையில் விரித்து வைத்த கூட்டாளியின் சீட்டுகளில்) ராஜா, 9 உட்பட நான்கும் இருந்தால் எதை முதலில் ஆடுவது? பலர் ராஜா என்றார்கள். ஆனால் கையிலுள்ள ஏஸ்தான் சரியான விடை.

மீதமுள்ள நான்கு துருப்பும் ஜாக்கியோடு ஒருவரிடமே சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம்தான் என்றாலும், செலவில்லாமல் கிடைக்கும் காப்பை விடுவானேன்? ஏஸுக்கு வலப்பக்கத்தவர் வேறு இனச் சீட்டைப் போட்டால், கையிலிருந்து சிறு துருப்பை ஆடி, இடப்பக்கத்தவரும் சிறியதே போடும்போது டம்மியின் 9-ஐ வைத்தால் போதும். இடப்பக்கத்தவரிடம் துருப்பே இல்லையென்றால், ராஜாவுக்குப் போய், அங்கிருந்து சிறு துருப்பை ஆடி, கையிலிருந்து 10-ஐ வைக்க வேண்டும். ராஜாவை முதலில் செலவழித்தவருக்கு, இடப்பக்கத்தில் நான்காக நிற்கும் ஜாக்கியைப் பிடிக்க வழியே கிடையாது.

ஏலம் குறை சொல்ல முடியாதது. டம்மி கேட்ட நான்கு நோ டிரம்ப்புக்கு ஐந்து இஸ்பேட் என்று கையிலிருந்து வந்த விடை, ரோமன் கீகார்ட் பிளாக்வுட் முறையில் (முக்கியச் சீட்டுகளான நான்கு ஏஸ்களையும் துருப்பு ராஜாவையும் ஏலத்திலேயே கேட்டறியும் முறை) இரண்டு முக்கியச் சீட்டுகளையும் துருப்பு ராணியையும் காட்டுகிறது. டம்மியிடம் துருப்பு ராஜாவும் இரண்டு ஏஸ்களும் இருந்ததால் முக்கியச் சீட்டுகள் ஐந்தும் கணக்கில் வந்துவிட்டன. வல்னரபிள் நிலையில் (போனஸும் அபராதமும் கூடுதலாக உள்ள நிலை) ஏழு இஸ்பேட்டை வென்றால் 2210 புள்ளிகள். ஏலத்தில் ஆறு இஸ்பேட்டோடு நின்று பதின்மூன்று பிடியும் எடுத்திருந்தால் 1460 மட்டுமே.