1950களின் லாஸ் ஏஞ்சலஸ் பழைய கார் விற்பனைத் திடல்: இடத்தையும் கார்களையும் அறிய உதவி தேவை

கேள்வி

அன்பர்களுக்கு வணக்கம். என் பெரியப்பா 1950களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படித்தார். அண்மையில் அவருடைய பெட்டியைத் திறந்தபோது ஒரு கருப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. பின்புறம் எதுவும் எழுதப்படவில்லை.

பழைய கார்களை விற்கும் திறந்த திடல் ஒன்றில் அவர் நிற்கிறார். தலைக்கு மேலே கொடித் தோரணங்களும் வரிசையாக மின்விளக்குகளும் தொங்குகின்றன. கார்களின் முன்கண்ணாடிகளில் விலை எழுதப்பட்டிருக்கிறது. அவர் கை வைத்திருக்கும் வெளிர்நிறக் காரின் கிரில்லில் (முகப்புத் தட்டியில்) கூம்பு போன்ற உருண்டைகள் இரண்டு உள்ளன. அதற்கு அடுத்த காரின் மூக்கு விமானத்தின் மூக்கைப் போலக் கூர்மையாக இருக்கிறது. மூன்றாவது காரின் முன்பக்கத்தில் தடித்த செங்குத்துப் பற்கள் பம்பர் மேலேயே இறங்கி நிற்கின்றன. மட்கார்டின் பக்கவாட்டில் மூன்று துளைகள் தெரிகின்றன. நான்காவதன் முன்சக்கரங்கள் பாதி மறைந்திருக்கின்றன. கடைசியில் ஒரு செவர்லே இருக்கிறது. பின்னணியில் குவிமாடம் கொண்ட இரண்டு சிறு கோபுரங்கள், வலது ஓரத்தில் தெருவும் மின்கம்பிகளும், அத்தெருவில் செல்லும் ஒரு காரின் பின்பகுதி. பெயர்ப்பலகையில் கடையின் பெயர் வெட்டுப்பட்டுவிட்டது. தொலைபேசி எண்ணின் தொடக்கத்தில் ஆங்கில ஆர், ஐ என்ற எழுத்துகள் மட்டும் தெளிவாக உள்ளன.

அவர் 1957இல் தம் முதல் காரை வாங்கினார் என்றும் இது அன்று எடுத்த படம் என்றும் வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மையா, இந்த இடம் எது என்று அறிய ஆவலாக உள்ளேன்.

முதல் மறுமொழி

ஐயா, உங்கள் பெரியப்பா கை வைத்திருப்பது 1951ஆம் ஆண்டு ஃபோர்டு. 1949, 1950 ஃபோர்டுகளின் கிரில் நடுவில் ஒரே ஒரு கூம்புதான் இருக்கும். 1951இல் மட்டுமே அது இரண்டானது. ஃபோர்டு தன் தானியங்கி கியரை முதன்முதலில் வழங்கியதும் அந்த ஆண்டில்தான்.

விமான மூக்குடைய கார் ஸ்டூடிபேக்கர். 1950, 1951 என்ற இரண்டு ஆண்டுகளில் மட்டுமே அந்த முகப்பு வந்தது. பற்கள் கொண்டது ப்யூக். அதன் பற்கள் பம்பரைத் தாண்டிக் கீழே இறங்குவதால் 1950 என்று உறுதியாகச் சொல்லலாம். மூன்று துளைகள் இருப்பதால் அது விலை உயர்ந்த ரோட்மாஸ்டர் அன்று, அதற்கு நான்கு துளைகள் இருந்திருக்கும். முன்சக்கரங்கள் மறைந்திருப்பது நாஷ் நிறுவனத்தின் ஏர்ஃபிளைட் வகை. காற்றைக் கிழித்துச் செல்வதற்காக முன்சக்கரங்களையும் மூடி வடிவமைத்த துணிவை அந்தக் காலத்தில் வேறு பெரிய அமெரிக்க நிறுவனம் எதுவும் காட்டவில்லை.

செவர்லேயின் கிரில் சிறிய கட்டங்களாக, ஹெட்லைட்டுகளுக்கு இடையே அடங்கி இருந்தால் 1955. முகப்பின் முழு அகலத்துக்கும் பரவி இருந்தால் 1956. படத்தில் முழு அகலத்துக்குப் பரவியிருப்பதாகவே தெரிகிறது. ஆகவே திடலின் மிகப் புதிய கார் 1956ஐச் சேர்ந்தது. வீட்டில் சொல்லும் 1957 பொருந்துகிறது.

இரண்டாம் மறுமொழி

இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அந்த இரண்டு குவிமாடங்கள் 1926இல் திறக்கப்பட்ட ஷ்ரைன் அரங்கத்துக்குரியவை என்பதில் எனக்கு ஐயமில்லை. மூரிய பாணியில், அதாவது ஸ்பெயின், வட ஆப்பிரிக்க இஸ்லாமியக் கட்டடங்களின் சாயலில் கட்டப்பட்ட அந்த அரங்கம் ஜெஃபர்சன் சாலையில், உங்கள் பெரியப்பா படித்த பல்கலைக்கழகத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. 1947, 1948ஆம் ஆண்டுகளின் ஆஸ்கர் விருது விழாக்கள் அங்குதான் நடைபெற்றன. அதற்குக் கிழக்கே செல்லும் ஃபிகுவேரா தெரு நெடுங்காலமாகக் கார் வணிகத்துக்குப் பெயர்பெற்றது. வகுப்பு முடிந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவு அது.

தொலைபேசி எழுத்துகளும் இதையே உறுதிசெய்கின்றன. அக்காலத்தில் எண்ணின் முதல் இரண்டு எழுத்துகள் தொலைபேசி இணைப்பகத்தின் (எக்ஸ்சேஞ்சின்) பெயரைக் காட்டும்; ஆர், ஐ என்பவை ரிச்மண்ட் இணைப்பகத்தைக் குறிக்கும். எண் வட்டில் அவை 7, 4 ஆகிய எண்களில் அமைந்தவை. அந்தப் பகுதியின் பழைய எண்கள் இன்றும் 74 என்றே தொடங்குகின்றன.

மூன்றாம் மறுமொழி

கார்களை அடையாளம் கண்டதிலும் இடத்திலும் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் 1957 என்ற முடிவை ஏற்க இயலவில்லை. பழைய கார்த் திடலில் நிற்பவை யாரோ சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்றவை. ஆகவே திடலின் புதிய காரை வைத்துப் படத்தின் ஆண்டை முடிவு செய்தால் உண்மையைவிட முந்தைய ஆண்டையே கணிப்போம். ஆண்டைத் தெருவில் தேட வேண்டும். வலது ஓரத்தில் செல்லும் காரைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்பக்கச் சிறகுகள் மேல்நோக்கி நிற்காமல் கிடைமட்டமாக விரிந்திருக்கின்றன. அவற்றின் கீழே கண்களைப் போன்ற நீண்ட விளக்குகள் இருக்கின்றன. அது 1959ஆம் ஆண்டு செவர்லே. அமெரிக்காவில் அடுத்த ஆண்டின் கார்கள் முந்தைய இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும் என்பதால், 1958 அக்டோபருக்கு முன்பு இந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது.

பின் எல்லையை நம்பர் பிளேட்டுகள் சொல்லும். கலிபோர்னியாவில் கார் கைமாறினாலும் பிளேட் காருடனேயே இருக்கும். அதனால் திடலில் நிற்கும் கார்களிலும் பிளேட்டுகள் உள்ளன. 1956இல் அந்த மாநிலம் மஞ்சள் தகட்டில் கருப்பு எழுத்து என்று மாற்றியது. 1963இல் அது கருப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்தானது. உங்கள் படத்தில் வெளிர்த் தகட்டில் கரிய எழுத்து தெரிகிறது. மேலே தெரியும் கம்பி டிராமுக்கு உரியதாக இருந்தால், அந்நகரத்தின் கடைசிப் பழைய டிராம்கள் 1963 மார்ச் 31 அன்று நின்றுபோனதும் இதனுடன் ஒத்துப்போகும். எனவே 1958 இறுதிக்கும் 1963 தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலம் என்பதே என் கருத்து.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. தெருக் காரை நான் பொருட்படுத்தவே இல்லை. பெரிதாக்கியபோது நீங்கள் சொன்ன கண் வடிவ விளக்கு தெளிவாகத் தெரிந்தது. அப்படியானால் இது முதல் கார் வாங்கிய நாளில் எடுத்த படம் அன்று. அந்த ஃபோர்டு அவருடைய காராக இருந்து, அதை விற்க வந்தபோது எடுத்திருக்க வாய்ப்புண்டா? திடலின் பெயரை அறிய வழி உள்ளதா?

மூன்றாம் மறுமொழியாளர்

இருக்கலாம். ஆனால் முன்கண்ணாடியில் ஏற்கெனவே விலை எழுதப்பட்டிருப்பதால், அந்தக் கணத்தில் அது கடைக்காரரின் கையில் இருந்த கார். பிளேட் எண்ணைப் படிக்க முடிந்தால், அவருடைய பழைய காப்பீட்டுத் தாள்களிலோ ஓட்டுநர் ஆவணங்களிலோ அதே எண் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பெயரை அறிய, லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகத்தில் உள்ள தெருவாரியான தொலைபேசிக் கையேடுகளில் 1959 முதல் 1962 வரை ஃபிகுவேரா தெருவின் பக்கங்களைக் கேட்டுப் பெறலாம். அப்பல்கலைக்கழகத்தின் எண்ணிம நூலகத்தில் 1961 வரையிலான எக்ஸாமினர் நாளிதழின் படத்தொகுப்பும் உள்ளது. ஷ்ரைன் அரங்கம் இடப்பக்கம் தெரிவதால் ஜெஃபர்சன் சந்திப்புக்கு அருகிலிருந்து தேடத் தொடங்குங்கள். படத்தை அதிகத் துல்லியத்தில் மீண்டும் ஸ்கேன் செய்து, பலகையில் எஞ்சிய எண்களையும் இங்கே பதிவிடுங்கள். கையேட்டில் எண்ணை வைத்தே கடையைக் கண்டுபிடித்துவிடலாம்.